பித்தளைத் தோட்டாவும் புளித்தண்ணியும்

பெருநாளைக்கு இரண்டு மூன்று நாள் இருக்கும்போதே எங்கட மூத்தம்மா வீட்டிலுள்ள பித்தளைச் சாமான்கள் எல்லாவற்றையும் கிணற்றடிக்குக் கொண்டுவந்து பரப்பிவிடுவா. வெற்றிலை வட்டா, படிக்கம், இரண்டு செம்பு, ஒரு தாம்பாளம். அவற்றோடு ஒரு பழைய சீலைப் பையிலிருந்து பதினொரு சின்னக் குழாய்களும் வெளியே வரும். விரல் நீளம், பெருவிரல் பருமன், ஒரு பக்கம் அடைப்பு, அடைப்பின் நடுவில் ஒரு துளை. ஊறவைத்த புளியைத் தும்பில் தொட்டு அவற்றையும் தேய்க்க வேணும். 1988, 89ஆம் ஆண்டுகளாக இருக்கும். நான் சிறு பிள்ளை.

"இது என்ன மூத்தம்மா?"

"மூத்தாப்பாட தோட்டா புள்ள. உள்ளுக்கும் தேய். களிம்பு நிக்கப்படா."

அப்போது வீட்டில் துவக்கு இல்லை. அது போய் மூன்று நான்கு வருடமாகியிருந்தது. மூத்தாப்பாவும் மௌத்தாகிவிட்டார். இருந்தாலும் தோட்டாக்கள் வருடத்தில் இரண்டு முறை புளித்தண்ணி கண்டு, வெயிலில் காய்ந்து, மறுபடி பைக்குள் போயின. எதற்காக என்று அந்த வயதில் கேட்கத் தோன்றவில்லை. கேட்கத் தோன்றிய வயதில் பதில் சொல்ல ஆளில்லை. தாய்மாமா ஒருவரிடமும், வட்டையில் காவல் கிடந்த இரண்டொரு வயசாளிகளிடமும் பிறகு கேட்டறிந்தவற்றையும், நூல்களில் கண்டவற்றையும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

நமது வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் கப்பலில் தொடங்கிக் கடையில் முடிப்பார்கள். 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் இலங்கைச் சோனகரின் இனவியல் பற்றி எழுதியபோதும், அதற்கு 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் மறுப்பு எழுதியபோதும் கேள்வி ஒன்றுதான்: இவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? அரபு நாட்டு வணிகரா, தென்னிந்தியக் கரையிலிருந்து வந்தவரா? வந்தவர்கள் என்ன பயிரிட்டார்கள் என்ற கேள்வி அந்த விவாதத்தின் மையத்துக்கு வரவேயில்லை. "வர்த்தக சமூகம்" என்ற பட்டம் அப்படியே நிலைத்துவிட்டது. மேடையில் நம்மவரே அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் ஏறாவூரிலிருந்து சம்மாந்துறை, நிந்தவூர் வரைக்கும் வாவியோரத்து முஸ்லிம் ஊர்களில் நான்கு தலைமுறை பின்னால் போனால் கடைக்காரரைவிட வட்டைக்காரரும் மீன்பிடிப்பவரும் நெய்பவரும்தான் அதிகம் அகப்படுவார்கள். கண்டி மன்னன் செனரத் 1626ஆம் ஆண்டளவில் நாலாயிரம் முஸ்லிம்களை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்று நாம் அடிக்கடி எடுத்துச் சொல்கிறோமே, அத்தனை பேர் கடை போட அன்றைக்கு இங்கே சந்தை இருந்ததா என்று யோசிப்பதில்லை. அவர்கள் இறங்கியது நெல் விளையும் மண்ணில்.

அந்த வட்டைக்காரருக்கு என்ன ஆவணம்? உறுதி, பேமிட், கச்சேரிப் பதிவு என்று கொஞ்சம் உண்டு. வெள்ளமும் சூறாவளியும் கலவரமும் தின்றது போக மீதி. மூத்தம்மாட சீலைப் பையில் கிடந்ததும் ஒரு ஆவணம் என்றே இப்போது நினைக்கிறேன். நெல்லைக் காக்காதவன் வீட்டில் அது இருக்க நியாயமில்லை.

மட்டக்களப்பு வாவி வடக்கே ஏறாவூர்ப் பக்கமிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். கடலுக்கும் வாவிக்கும் நடுவிலுள்ள ஒடுங்கிய மணற்கரை எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயலும் காடுமாக விரிவது படுவான்கரை. நம்மவர் வீடு பெரும்பாலும் எழுவான்கரையில், வயல் படுவான்கரையில். தோணியில் கடந்து, வண்டியில் போய், விதைப்புத் தொடங்கி அறுவடை முடியும்வரை வாடி அடித்துத் தங்குவார்கள். கதிர் பால்பிடித்தால் பன்றி வரும். மணி முற்றினால் யானை வரும். ஒரு இரவு கண்ணயர்ந்தால் ஒரு குடும்பத்தின் வருடச் சோறு போகும். பரணில் தீ மூட்டி, தகரம் தட்டி, கவி பாடி விழித்திருந்தார்கள். இது எல்லாம் தோற்கும்போது எடுப்பது துவக்கு. தமிழ்ப் போடியார் வட்டையிலும் சோனகப் போடியார் வட்டையிலும் காவல் ஒன்றுதான். பக்கத்துப் பரணில் வெடி கேட்டால் யானை எந்தப் பக்கம் திரும்பியது என்று இந்தப் பரணில் தெரியும். அந்த அர்த்தத்தில் துவக்கு, மண்வெட்டி போல, ஏர் போல ஒரு வட்டைச் சாமான்.

ஆங்கிலேயர் பார்வையில் இதே காடு வேட்டை மைதானம். சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட இலங்கை நூலில் ஒரு கணக்குத் தருகிறார். 1848க்கு முந்திய மூன்று வருடத்துக்குள் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500க்கு மேற்பட்ட யானைகள் அரசாங்கச் சன்மானத்துக்காகக் கொல்லப்பட்டன. 1851க்கும் 1856க்கும் இடையில் தென்மாகாணத்தில் இன்னும் 2,000. தலைக்குச் சில ஷில்லிங். அதே நூலில் அவர் வியந்து எழுதுவது வேறு ஆட்களைப் பற்றி: இலங்கையின் வடக்கிலும் வடகிழக்கிலும் உள்ள சோனகக் கிராமங்களில் வாழ்ந்த பணிக்கர்கள். தோல்கயிற்றோடு கால்நடையாகப் போய், காட்டு யானையின் பின்னங்காலில் சுருக்குப் போட்டு, உயிரோடு பிடித்து மரத்தில் கட்டியவர்கள். ஏறாவூர்ப் பக்கத்தில் பணிக்கர் வழி வந்த குடும்பங்கள் இன்றும் உள்ளன. யானையை அழித்தது வட்டைக்காரனின் துவக்கு என்று சொல்வோருக்கு இந்த இரண்டு பக்கங்களையும் சேர்த்துக் காட்ட வேணும்.

தமிழ் படித்தவள் என்பதால் சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. "துவக்கு", "துப்பாக்கி" இரண்டும் துருக்கியரின் "துஃபெக்" என்ற சொல்லிலிருந்து வந்தவை. தமிழகத்தில் துப்பாக்கி நின்றது, நம்மிடம் துவக்கு நின்றது. அரபியில் இதற்கு "புந்துகிய்யா"; இந்தியிலும் உருதுவிலும் "பந்தூக்". புந்துக் என்றால் முதலில் ஒரு கொட்டைக்காய். பிறகு அந்த அளவில் உருட்டி வில்லில் வைத்து எறிந்த களிமண் உருண்டை. 1277இல் வபாத்தான இமாம் நவவி அவர்களின் மின்ஹாஜில், நமது மத்ரஸாக்களில் ஓதிக்கொடுக்கும் அதே மின்ஹாஜில், வேட்டைப் பாடத்தில் இந்தப் புந்துக் வருகிறது. கூர் இல்லாமல் கனத்தால் அடித்துக் கொல்வதால் அதனால் செத்த பிராணி ஆகாது என்பது சட்டம். இமாமவர்கள் ஈயச் சன்னத்தைக் கண்டவரல்லர். ஆனால் ஷாஃபிஈ மத்ஹபுக்காரரான எங்கட வட்டைக்காரர், பெயர் எப்படி மாறினாலும், அந்தப் பாடத்தை விடவில்லை. மான், மரைக்கு வெடி வைப்பவனோடு இன்னொருவன் கத்தியும் கையுமாய் ஓடவேணும். உயிர் இருக்கும்போது பிஸ்மி சொல்லி அறுத்தால் இறைச்சி, இல்லாவிட்டால் இல்லை. அதனால் முழுக்கச் சாகடிக்கும் வெடி திறமையான வெடியல்ல என்று மாமா சிரித்துக்கொண்டு சொன்னார். பன்றிக்கு இந்தக் கவலை இல்லை. அது விழுந்தால் பக்கத்து வட்டைத் தமிழ் ஆட்களுக்கு ஆள் அனுப்புவார்கள். அவர்கள் வந்து எடுத்துப் போவார்கள். மறுநாள் ஒரு குலை வாழைப்பழமோ, குடத்தில் தயிரோ வாடிக்கு வரும்.

முதலில் இருந்தவை குழல் வாயால் மருந்தும் சன்னமும் இட்டுத் தட்டும் துவக்குகள். மாரியில் அவற்றோடு பட்ட பாடு சொல்லி முடியாது. மருந்து ஈரித்தால் கேப் மட்டும் "டிக்" என்று வெடித்து நிற்கும், யானை முன்னால் நிற்கும். இருபதாம் நூற்றாண்டில் பின்னால் மடித்துத் திறக்கும் 12 போர்த் துவக்கு வசதியுள்ள போடிமாரிடம் வந்தது. ஒரு இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாக்கினால் ஒரு உருண்டை போகும் அளவு அதன் குழல். அதுதான் 12 என்ற இலக்கம். அதற்குரிய தோட்டாக் கூடு கடுதாசியிலும் வரும், பித்தளையிலும் வரும். கடுதாசிக் கூடு சீமைக்குச் சரி. இங்கே மாரிக் காற்றில் ஊதிப் பெருத்துக் குழலுக்குள் போகாது. போனால் வெளியே வராது. பித்தளை ஊதாது. இன்னும் முக்கியம், வெடித்த கூட்டைத் திரும்பவும் நிரப்பலாம். தோட்டாவுக்கு மட்டக்களப்பு டவுனுக்குப் போகவேணும், காசு வேணும், லைசனில் எழுதிய எண்ணிக்கைக்கு மேல் கிடைக்கவும் மாட்டாது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகருவிகள் கட்டளைச் சட்டம் வந்தபின் துவக்குக்கு வருடாவருடம் அனுமதி. வெடிமருந்துக்கு வேறு சட்டம். 1937இல் வனசீவராசிகள் சட்டம். வெள்ளைக்காரத் துரைமார் ஆயிரக்கணக்கில் சுட்டு முடித்த பிறகு, கதிரைக் காக்க ஒரு வெடி வைத்தவன் விதானைக்குப் பதில் சொல்லவேண்டி வந்தது. ஆகவே ஒரு கூடு ஒருமுறை வெடித்து வீசும் பொருளாக இருக்கவில்லை. பதினைந்து, இருபது முறை அது உழைக்கவேணும். அதற்குத்தான் இந்தக் கழுவலும் தேய்ப்பும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் இதை ஒருவரும் எழுதி வைத்ததாக நான் காணவில்லை.

கரிமருந்து எரிந்து விடும் கசடு வெறும் கரியல்ல, அதில் உப்பு உண்டு. காற்றின் ஈரத்தை இழுத்துப் பிடிக்கும். வாவிக் காற்றே உப்பு. வெடித்த கூட்டை இரண்டு நாள் அப்படியே போட்டால் உள்ளே பச்சைக் களிம்பு பூத்து, பித்தளையை அரிக்கும். அதனால் வாடியிலிருந்து வந்ததும் முதல் வேலை, வெடித்த கேப்பைத் தட்டி எடுத்துவிட்டு, கூடுகளைக் கொதிதண்ணியில் போடுவது. எண்ணெய் தடவுவது பிறகு. உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணியில்தான் கரையும். இதைத் தெரியாமல் தேங்காயெண்ணெய் மட்டும் பூசி வைத்துத் துவக்குக் குழலையே கெடுத்தவர்கள் இருந்தார்கள்.

அடுத்தது புளி. புளியின் அமிலம் களிம்பைக் கரைக்கும், நல்ல பித்தளையை அவ்வளவாகத் தொடாது. தேசிப்புளியும் உதவும், ஆனால் கடுமை. ஊறவிடும் நேரத்தில்தான் கைப்பக்குவம். கூடிப்போனால் பித்தளையிலுள்ள நாகம் கழன்று செம்பு மட்டும் மேலே தெரியும். மஞ்சளாக இருக்கவேண்டியது இளஞ்சிவப்பாக மாறும். "செம்மை தட்டினா ஒதுக்கு" என்பது மூத்தாப்பாவின் சட்டமாம். அப்படி ஆனது பலம் குறைந்தது. பிறகு உமிச்சாம்பலால் ஒரு தேய்ப்பு. மணல் கூடாது, கீறும். நல்ல தண்ணியில் இரண்டு முறை அலசி, வெயிலில் வாய் கீழாகக் கவிழ்த்துக் காயவிட வேணும். அடுப்பருகே வைக்கவே கூடாது.

மினுக்குவது அழகுக்கு என்றுதான் நான் சிறுபிள்ளையாக நினைத்தேன். மாமா விளக்கினார்: மினுங்கினால்தான் மயிர்க்கீறு தெரியும். கூட்டின் வாயிலோ அடியிலோ கீறு விட்டிருந்தால் அடுத்த வெடியில் அது பிளக்கும், புகையும் நெருப்பும் சுட்டவன் முகத்துக்கு வரும். அழுக்குக் கூட்டில் அது மறைந்து கிடக்கும். அதனால் தேய்த்து முடிந்ததும் ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்குப் பிடித்துத் திருப்பிப் பார்ப்பது ஒரு கட்டாயம். கண் கூர்மையுள்ள பொம்பிளைப் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்வார்களாம். பரணில் கிடந்தவன் ஆண்பிள்ளை. அவன் முகம் தப்பியது கிணற்றடியில் இருந்த பெண்பிள்ளையின் கண்ணால். நமது ஊர்களில் வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போவதால் வீட்டுப் பித்தளையும் பெண்ணின் பொறுப்பு. தோட்டா அந்தக் கணக்கில் சேர்ந்துகொண்டது போலும்.

மூத்தாப்பாவின் இன்னொரு சட்டம், தோட்டாப் பையை மாட்டுப்பட்டிப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. ஏதோ நஜீஸ் பற்றிய பேணுதல் என்றே வீட்டார் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இந்தியாவிலிருந்த பிரித்தானியப் படைக்கும் இதே அனுபவம் உண்டு என்பதைப் பின்னாளில் வாசித்தபோது ஆச்சரியப்பட்டேன். மழைக்காலத்தில் சண்டை ஓய்ந்திருக்க, தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் சேமித்து வைத்தார்கள். மழை விட்டு எடுத்துப் பார்த்தால் பித்தளைக் கூடுகள் தாமாகவே வெடித்துக் கீறியிருந்தன. பருவகால வெடிப்பு என்று பெயர் வைத்தார்களே தவிரக் காரணம் தெரியவில்லை. 1921இல்தான் மூர், பெக்கின்சேல், மல்லின்சன் என்ற மூவர் அதை விளக்கினார்கள்: குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அமோனியா, இழுத்து அடித்து உருவாக்கிய பித்தளைக்குள் நின்ற இறுக்கத்தோடு சேர்ந்து அதைப் பிளக்கிறது. மாட்டு மூத்திரத்திலும் அதே அமோனியாதான். மூத்தாப்பா எங்கே கற்றார் என்று கேட்க வழியில்லை. ஒரு மாரியில் சில கூடுகளை இழந்து கற்றிருப்பார்.

நிரப்பிய தோட்டாவைத் தண்ணியில் காட்டுவதில்லை. உலர்ந்த சீலையால் துடைத்து, வாயை மூடிய மட்டையின் ஓரத்தில் தேன்மெழுகு உருக்கி ஒரு வளையம் இடுவார்கள், ஈரம் புகாமல். கொழுப்பு எதுவும் பாவிப்பதில்லை. தோட்டாவும் கொழுப்பும் என்றவுடன் நம்மில் படித்தவர்களுக்கு 1857 நினைவுக்கு வரும். என்பீல்ட் துவக்கின் கடுதாசித் தோட்டாவைப் பல்லால் கிழிக்க வேணும். அதில் பூசியது மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் என்ற பேச்சு வங்காளப் படையெங்கும் பரவியது. ஏப்ரல் 24ஆம் திகதி மீரட்டில் மூன்றாம் குதிரைப்படையின் 90 பேரில் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். மே 10இல் கிளர்ச்சி. சிப்பாய்கள் தங்களுக்கு விருப்பமான மெழுகையோ நெய்யையோ தாங்களே பூசிக்கொள்ளலாம் என்று அந்த ஜனவரியிலேயே சலுகை கொடுத்துப் பார்த்தார்கள், நம்பிக்கை போன பிறகு அது எடுபடவில்லை. எங்கட வட்டைக்காரன் தன் கையால் கழுவி, தன் கையால் மெழுகிட்டதில் அந்தச் சந்தேகத்துக்கு இடமிருக்கவில்லை. நாட்டுத் தேன்மெழுகு, காட்டோரச் சந்தையில் மாற்றியது.

1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கி, இங்கினியாகலையில் அணை எழுந்து, காடு வெட்டப்பட்டபோது யானையின் வழிகள் அடைபட்டன. காவல் கடுமையானது, தோட்டாவின் தேவையும் கூடியது. மாமாவின் நினைவில் 1960களும் 70களும்தான் கிணற்றடி நிறையத் தோட்டா காய்ந்த காலம்.

1980களின் நடுவில் அது முடிந்தது. வடகிழக்கெங்கும் லைசன் துவக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைமாறின. எங்கள் வீட்டுக்கு ஒரு இரவு வந்தவர்கள் ஒரு இயக்கத்துப் பொடியன்கள். மரியாதையாகத்தான் கேட்டார்களாம். "ஐயா, தேவை முடியத் தருவம்" என்று ஒரு துண்டும் எழுதிக் கொடுத்தார்கள். மூத்தாப்பா துவக்கை எண்ணெய்ச் சீலையால் துடைத்துக் கொடுத்தார். நிரம்பிய தோட்டாக்களையும் எடுத்துக்கொண்டார்கள். வெற்றுக் கூடுகளைக் கேட்கவில்லை. அந்த வருடம் வட்டையில் பன்றி அழித்தது போக மிஞ்சியது கொஞ்சம். இரண்டாம் வருடம் குத்தகைக்கு விட்டார். பிறகு அந்தப் பக்கம் போகவே முடியாமல் போனது.

1990 ஆகஸ்ட் பற்றி இந்தச் சஞ்சிகையின் வாசகருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்கள், ஒரு வாரம் கழித்து ஏறாவூர். அதன்பின் அரசாங்கம் நமது ஊர்களில் ஊர்காவல் படையை விரிவாக்கிக் கையில் துவக்குக் கொடுத்தது. அதுவும் 12 போர். ஆனால் தோட்டா பிளாஸ்டிக், பெட்டியில் வந்தது, வெடித்தால் வீசலாம். ஒருவரும் எண்ணவில்லை, ஒருவரும் கழுவவில்லை. அந்தத் துவக்குகள் ஊரைக் காத்தன என்பது உண்மை. அதே ஆகஸ்டில் சம்மாந்துறைக்குப் பக்கத்து வீரமுனையில் தஞ்சமிருந்த தமிழருக்கு நடந்ததில் நமது ஊர்காவல் படையினரின் பெயர் அடிபட்டதும் உண்மை. முதலாவதை எழுதுகிற நம் எழுத்தாளர்கள் இரண்டாவதைப் பெரும்பாலும் தாண்டிப் போகிறார்கள். வாழைக்குலையும் தயிர்க்குடமும் வந்த வாடிகளின் கதையை எழுத வந்த நான் தாண்ட முடியாது.

அந்த நாட்களில் வெற்றுத் தோட்டா வீட்டில் இருப்பதே ஆபத்து. யார் சோதனைக்கு வந்தாலும் கேள்வி ஒன்றுதான்: துவக்கு எங்கே? மாமா ஒரு மக்ரிபுக்குப் பிறகு சீலைப் பையை எடுத்துப் போய் வாவியில் போட்டார். மூத்தம்மா தடுக்கவில்லை. பத்தைத்தான் போட்டார் என்பது பிறகு தெரிந்தது. ஒன்றை அவ முன்னமே எடுத்து, அடித் துளையை மெழுகால் அடைத்து, வாய்க்கு ஒரு மரமூடி செய்வித்து, வெற்றிலை வட்டாவில் சுண்ணாம்புக் குப்பியாக வைத்திருந்தா. சோதனைக்கு வந்த ஒருவன் அதைத் திறந்து, விரலால் தொட்டுப் பார்த்து, திரும்பி வைத்தான்.

இப்போது வட்டையில் துவக்குச் சத்தம் குறைவு. யானைக்கு வனசீவராசித் திணைக்களம் தரும் யானைவெடி, மின்வேலி. பன்றிக்கென்று தீனிக்குள் மறைத்து வைக்கும் வாய்வெடி என்ற கொடுமை வேறு. அதைக் கடித்து வாய் சிதறிய யானைக் குட்டிகளின் படம் அடிக்கடி பத்திரிகையில் வருகிறது. காவல் இருப்பவன் கண்ணால் கண்டு வைத்த வெடிக்கும், ஆளில்லாமல் கிடந்து எதன் வாயிலும் வெடிக்கும் இதற்கும் உள்ள தூரத்தை மூத்தாப்பா காணாமல் போனதே நல்லது.

சுண்ணாம்புக் குப்பி வீட்டோடு எனக்கு வந்தது. பெருநாளைக்கு முன் புளி ஊறவைத்து நானும் தேய்க்கிறேன். அடியில் தோட்டாக் கம்பனியின் பெயர் வட்டமாகப் பொறித்திருந்ததாம். 1828இல் லண்டனில் தொடங்கிய ஈலிக் கம்பனியுடையது என்கிறார் மாமா. அவருக்கு "ஈலித் தோட்டா" என்ற பேச்சு நினைவிருக்கிறது. நான் கண்ணாடி போட்டுப் பார்த்தும் எழுத்து தெரியவில்லை. எங்கட தேய்ப்பில் போய்விட்டது. நடுத் துளைக்குப் பக்கத்தில் 12 மட்டும் கிடக்கிறது, அதிலும் 2 இன் வால் மங்கிவிட்டது.